ஆக்கப் பொறுத்த நாம் ஆறப் பொறுக்க வேண்டாமா?

"ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை" என்று நம் வீடுகளில் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அடுப்பில் சோறு வேகும்வரை காத்திருந்தவர், அது ஆறும்வரை காத்திராமல் வாயைச் சுட்டுக்கொண்டதைப் பற்றிய பழமொழி அது. இவ்வாண்டு எங்கள் வகுப்பில் அப்பழமொழியைச் சோற்றுக்கு அல்ல, ஒரு தோழியின் காலுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சுட்டுக்கொண்டவள் அவள், அவசரப்பட்டவர்கள் நாங்கள். ஆகவே இக்கட்டுரையைப் பிறருக்கு அறிவுரையாக எழுதவில்லை. எங்கள் பிழையை ஒப்புக்கொண்டு எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். ஜூலை மாதம், வட்டாரப் போட்டிக்கான தொடர் ஓட்டப் பயிற்சி. அசோகத் தூண் பக்கம் பேருந்துகளின் இரைச்சல் பெருகுமுன், காலை ஆறரை மணிக்கே நாங்கள் மைதானத்தில் இருப்போம். நால்வரில் மூன்றாவதாக ஓடுபவள் எங்கள் தோழி. வளைவில் அவளைப் போல் ஓட எங்களில் ஒருவராலும் முடியாது. முதல் நாள் இரவு பெய்த மழையில் மைதானத்தின் ஓரம் அரித்துக் கிடந்தது. அந்தச் சிறு பள்ளத்தில் அவளுடைய வலது கால் புரண்டது. மாலைக்குள் கணுக்கால் கொழுக்கட்டை போல் வீங்கிவிட்டது.

ஒன்பது நாள் ஓய்வெடுத்தாள். வீக்கம் வடிந்தது, நொண்டல் நின்றது. பத்தாம் நாள் வகுப்பில் அவளைச் சூழ்ந்துகொண்டோம். "வீக்கம்தான் போய்விட்டதே! ஒரே ஒரு சுற்றுதானேடி? நீ இல்லாவிட்டால் நம் டீம் அவ்வளவுதான்" என்றோம். அவள் மறுக்கவில்லை. மறுத்தால் தன் இடம் வேறொருத்திக்குப் போய்விடுமோ என்று பயந்ததாகப் பின்னாளில் சொன்னாள். பதினொன்றாம் நாள் ஓடினாள். அதே வளைவு, அதே கால். இம்முறை பாதத்தைத் தரையில் ஊன்றவும் இயலவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் நார் நன்றாகவே கிழிந்திருந்தது. ஆறு வாரம் ஓட்டம் கூடாது என்றார் மருத்துவர். பத்து நாளைப் பொறுக்காததற்கு நாங்கள் கொடுத்த விலை அந்த ஆறு வாரம்.

தோழியரே, சுளுக்கு என்பதை நாம் மிகவும் எளிதாக எண்ணிவிடுகிறோம். கணுக்காலின் வெளிப்புறத்தில் ஓர் எலும்பை மற்றோர் எலும்போடு சேர்த்துக் கட்டும் நார்கள் இருக்கின்றன. பாதம் உட்புறமாக மடங்கும்போது அவை அளவுக்கு மீறி இழுபடுகின்றன. சில இழைகள் அறுந்தும் போகின்றன. உடனே நாம் செய்வது என்ன? தைலத்தைப் பூசி அழுத்தி உருவுகிறோம். "சுளுக்கு எடுக்கிறேன்" என்று காலைப் பிடித்துச் சொடுக்குகிறோம். அறுந்த இழையை மேலும் இழுத்தால் அது எப்படிச் சேரும்? முதல் இரண்டு மூன்று நாள் காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சிறிது நேரம் வைத்து, பட்டையாகக் கட்டி, தலையணை மேல் உயர்த்தி வைப்பதே நல்லது. நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலும், கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அதன் பிறகு நடப்பதைத்தான் நாங்கள் அறியாமல் போனோம். வீக்கம் வடிந்ததும் உடல் புதிய இழைகளைப் பின்னத் தொடங்குகிறது. அவை முதலில் அவசரத்தில் முடைந்த ஓலை போலத் தாறுமாறாக இருக்கும். சிறிது சிறிதாகப் பாரம் ஏற்ற ஏற்றத்தான், இழுவை வரும் திசையில் அவை ஒழுங்காகி உரம் பெறுகின்றன. இதற்கு வாரக்கணக்கிலும் சில வேளை மாதக்கணக்கிலும் ஆகும். வலியோ அதற்கு வெகுநாள் முன்பே விடைபெற்றுப் போய்விடும். "வலி இல்லை, ஆகவே குணமாகிவிட்டது" என்று நாங்கள் போட்ட கணக்கு பிழையான கணக்கு. ஒருமுறை புரண்ட கால் மறுமுறை எளிதில் புரள்வதற்கும் இதுவே பெரிய காரணம்.

இன்னொரு வியப்பான செய்தியையும் அறிந்தோம். பாதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் அந்த நார்களில் இருக்கின்றன. நார் கிழிந்தால் அச்செய்தியும் தடுமாறுகிறது. நம்பாதவர்கள் அடிபட்ட தோழி ஒருத்தியைச் சுவரோரம் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொல்லிப் பாருங்கள். நல்ல கால் அசையாமல் நிற்கும். அடிபட்ட கால் வலியே இல்லாதபோதும் நடுங்கும். எங்கள் தோழிக்கு இயன்முறை மருத்துவர் கொடுத்த முதல் பாடமே அதுதான்: பல் துலக்கும் நேரம் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஓட்டத்துக்குத் திரும்பும் வழி அவளுக்குக் குளியலறை வாசலில்தான் தொடங்கியது.

மூச்சும் நம்மை ஏமாற்றும். சில வாரம் சைக்கிள் மிதித்தாலும் வேகமாக நடந்தாலும் பழைய மூச்சு ஓரளவு திரும்பிவிடுகிறது. தசைநாரும் எலும்பும் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. "எனக்கு இளைக்கவே இல்லை, இன்னும் இரண்டு சுற்று ஓடலாம்" என்று தோன்றும் அந்த நாளே ஆபத்தான நாள். மூச்சு முந்திக்கொண்டு ஓடும். கால் பின்னால் நொண்டி வரும்.

இதற்கெல்லாம் பெரிய வீராங்கனைகளின் வாழ்வில் சான்று உண்டா என்று தேடினோம். முதலில் நினைவுக்கு வந்தவர் பி.டி. உஷா. 1986-ஆம் ஆண்டு சியோல் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றவர் அவர். இரண்டே ஆண்டு கழித்து, 1988-இல், அதே சியோலில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. நாடே அவருடைய கால்களை நம்பிக் காத்திருந்தது. அக்கால்களில் குதிகால் புண்பட்டிருந்தது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அவரால் முதற் சுற்றைக்கூடத் தாண்ட இயலவில்லை. தலையில் வைத்துக் கொண்டாடியவர்களே, "உஷாவின் காலம் முடிந்தது" என்றார்கள்.

முடிந்ததா? மறு ஆண்டு, 1989-இல், டில்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவர் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார். பின்பு திருமணமாகி, ஒரு மகனுக்குத் தாயாகி, 1998-இல் தம் 34-ஆம் வயதில் ஜப்பானின் புக்குவோக்காவில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் பெற்றார். சியோலில் ஓடிய நாளிலும் டில்லியில் ஓடிய நாளிலும் உறுதிக்கு அவரிடம் குறைவில்லை. முதல் நாளில் குதிகால் ஆறவில்லை. இரண்டாம் நாளில் ஆறியிருந்தது. மனவுறுதி ஒன்றே போதும் என்று மேடைகளில் முழங்குகிறோமே, உஷாவைவிட மனவுறுதி உடையவர் யார்? அவருக்கே அது போதவில்லை என்றால் நமக்கு எப்படிப் போதும்?

தொடர் ஓட்டக்காரிகளாகிய எங்கள் நெஞ்சைத் தொட்டது இன்னொரு வரலாறு. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாகத் தடகளத்தில் ஓட அனுமதிக்கப்பட்டார்கள். 100 மீட்டரில் தங்கம் வென்றவர் பெட்டி ராபின்சன் என்னும் அமெரிக்கப் பெண். வயது 16; எங்களைவிட ஓராண்டுதான் மூத்தவர். 1931-இல் அவர் சென்ற சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. உயிர் பிழைத்தாரே தவிர, கால் பழையபடி மடங்கவில்லை. முழங்காலை மடக்கித் தரையில் கை ஊன்றிப் புறப்படுவது அவருக்கு இயலாமற் போயிற்று. அவ்வாறு புறப்படாமல் 100 மீட்டர் ஓட முடியாது. ஆனால் தொடர் ஓட்டத்தில் முதல்வர் ஒருவரைத் தவிர மற்ற மூவரும் நின்றபடியே புறப்படலாம் அல்லவா? 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் அவர் 4 x 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடி, மீண்டும் ஒரு தங்கம் பெற்றார். விபத்துக்கும் அந்தத் தங்கத்துக்கும் இடையே ஐந்து ஆண்டு. பழைய இடம் கிடைக்காதபோது தம் காலுக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொண்டார். அணியும் அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது.

"அப்படியானால் ஜோன் பெனாய்ட் 17 நாளில் ஓடினாரே?" என்று எங்களுள் ஒருத்தி மடக்கினாள். உண்மைதான். 1984-இல் அவருக்கு முழங்காலில் அறுவை நடந்த 17-ஆம் நாள், அமெரிக்காவின் தேர்வு மாரத்தானில் ஓடி வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் மாரத்தானையும் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் வென்றார். ஆனால் அவருக்கு நடந்தது சிறு துளை வழியாகச் செய்த சிறிய அறுவை. கிழிந்த நார் ஒன்று சேர்வதற்காக அவர் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. ஆகவே 17 என்னும் எண் அவருடைய முழங்காலின் எண். அதை எடுத்து எங்கள் தோழியின் கணுக்காலுக்குப் பூட்ட முடியாது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் நோயாளியையும் நோயையும் போலவே காலத்தையும் வள்ளுவர் சேர்த்திருக்கிறார் என்று தமிழாசிரியை எங்களுக்கு விளக்கினார். ஒவ்வொரு காலுக்கும் ஒரு காலம் உண்டு.

இதுவரை சொன்னது முதல் பிழை. இரண்டாவது பிழை ஒன்று உண்டு. பெற்றோர்களே, அதை உங்களிடம் பணிவோடு சொல்ல விரும்புகிறோம்.

ஆறு வாரம் முடிந்தது. கால் தேறியது. இனி மெதுவாக ஓடிப் பழகலாம் என்று மருத்துவரே சொன்னார். ஆனால் வீட்டில், "போதும் ஓடியது. பத்தாம் வகுப்பு. பெண் பிள்ளைக்குக் காலில் ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்றார்கள். அந்த அம்மாவை நாங்கள் குறை கூறவில்லை. இருமுறை மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் அவர். ஆனால் சற்று எண்ணிப் பார்ப்போம். கிரிக்கெட் ஆடிக் கையொடிந்த பையனிடம், "எப்போது மறுபடி ஆடுவாய்?" என்று கேட்கிறோம். ஓடிக் கால் புரண்ட பெண்ணிடம், "இனிமேலாவது நிறுத்துவாயா?" என்று கேட்கிறோம். இந்தப் பயம் இன்று தோன்றியதன்று. 1928-இல் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைக் கண்டு, அது பெண்ணுடலுக்கு ஆகாது என்று ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று. ஒரு பந்தயம் 32 ஆண்டு வீட்டில் உட்கார வைக்கப்பட்டது!

உட்கார வைப்பதால் கால் காக்கப்படுவதும் இல்லை. வேலை இல்லாத கெண்டைச் சதை மெலிகிறது. பிடிப்பில்லாத மூட்டு படிக்கட்டில்கூடப் புரள்கிறது. எங்களுக்கு அருகிலேயே, கலைஞர் கருணாநிதி நகரில், அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடை பழக்கும் இடம் அது. காலே இல்லாதவரை நடக்க வைக்க முயலும் ஊரில், கால் தேறிய பெண்ணை உட்கார வைக்கலாமா? சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை எல்லாரும் அறிவோம். ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் சிதைந்த சிறுவன் அவர். அவரை உயரம் தாண்டப் பழக்கியவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். "உன்னால் எது முடியும், பார்ப்போம்" என்று கேட்க ஒரு பெரியவர் அவருக்கு இருந்தார்.

ஆக, "இன்றே ஓடு" என்பதும் தவறு. "இனி ஓடாதே" என்பதும் தவறு. எங்கள் கருத்தில் இரண்டும் ஒரே பொறுமையின்மையின் இரு முகங்கள். ஒன்று, ஆறும்முன் உண்ணப் பார்க்கிறது. மற்றொன்று, சூடாக இருக்கிறதென்று சோற்றையே கொட்டிவிடுகிறது. நடுவில் ஒரு வழி உண்டு. அதற்கு நாளும் அளவும் வேண்டும்.

அந்த வழியை எங்கள் தோழியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்கிறோம். முதலில் அரைமணி நேரம் வேகமாக நடந்தும் வலி வரக்கூடாது. அடிபட்ட காலில் மட்டும் நின்று, நல்ல கால் எத்தனை முறை குதிகாலை உயர்த்துகிறதோ அத்தனை முறை உயர்த்த வேண்டும். ஒற்றைக் காலில் தடுமாறாமல் குதித்து இறங்க வேண்டும். இவை மூன்றும் முடிந்த பிறகுதான் ஓட்டம். அதுவும் ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஐந்து தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலியும் வீக்கமும் இல்லை என்றால் மட்டுமே அளவைக் கூட்டலாம். இருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். நேர் ஓட்டம் முதலில், வேகம் பிறகு, வளைவு கடைசியில். இதனோடு வயிறாரச் சாப்பாடும் நல்ல தூக்கமும் வேண்டும். "வெயிட் போடும்" என்று காலை இட்லியைத் தவிர்த்துவிட்டு ஓடும் தோழியரே, பட்டினி கிடக்கும் உடல் எதைக் கொண்டு எலும்பைக் கட்டும்? சுவர் இருந்தால்தானே சித்திரம்!

எங்கள் பள்ளிக்கும் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். சிஸ்டர்மார் அன்போடு கேட்பார்கள் என்று நம்புகிறோம். முதலாவது, அடிபட்ட மாணவி மீண்டும் ஓடும் நாளை அணித் தலைவியோ தோழியரோ முடிவு செய்யக்கூடாது. மருத்துவரின் சீட்டும் பி.டி. மிஸ்ஸின் சோதனையும் முடிவு செய்யட்டும். இரண்டாவது, தொடர் ஓட்டத்துக்கு நால்வரை மட்டுமன்றி ஐந்தாவது ஆறாவது மாணவிகளையும் முதலிலிருந்தே பழக்க வேண்டும். மாற்றாள் இல்லாத அணிதான் புண்பட்ட காலைத் தேடி வருகிறது. மூன்றாவதே எங்களுக்கு முக்கியமானது. அடிபட்டவள் அணியிலேயே இருக்க வேண்டும். அவள் கையில் ஸ்டாப் வாட்ச்சைக் கொடுக்கலாம். குச்சி மாற்றும் பயிற்சியைக் கவனிக்கச் சொல்லலாம். தன் இடம் பறிபோகாது என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் நொண்டிக்கொண்டே, "எனக்கு வலிக்கவில்லை" என்று பொய் சொல்ல மாட்டாள்.

நவம்பரில் ஒரு மாலை நாங்கள் மூவரும் அவள் வீட்டுக்குப் போனோம். "ஆன்ட்டி, அவளை அன்று இழுத்துக்கொண்டு போனது நாங்கள்தான்" என்று அவள் அம்மாவிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீக்கம் போனதும் சரியாகிவிட்டது என்று நானும்தானே நினைத்தேன், கண்ணு" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார். டிசம்பரில் மழை விட்ட பிறகு, படிப்புக்கு நடுவே மாலையில் அரைமணி நேரம் அப்பாவின் துணையோடு ஓட அனுமதி கிடைத்தது. வாகனம் குறைந்த தெருவாகப் பார்த்து, உடைந்த நடைபாதைகளைத் தவிர்த்து, ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று தொடங்கினாள்.

ஜனவரியில் விளையாட்டு விழா. அவள் ஓடவில்லை. ஓடட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. ஓடு என்று நாங்களும் சொல்லவில்லை. ஸ்டாப் வாட்ச்சோடு கோட்டருகில் நின்றாள். எங்கள் நீல அணி தொடர் ஓட்டத்தில் மூன்றாம் இடம்தான் பெற்றது. வளைவில் இரண்டு விநாடி இழந்தோம் என்று அவளே கணக்குச் சொன்னாள். அந்த இரண்டு விநாடி யாருடையது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்போம். அவள் இப்போது நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கிறாள். வளைவு இன்னும் பாக்கி இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும். மூன்றாவது இடத்தை அவளுக்காக வைத்திருக்கிறோம். அவள் எந்த நாள் வந்தாலும் சரி. இம்முறை ஆறப் பொறுப்போம்.

- பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு